கவசம் தெளிவா கேட்க: போன், டேப்லெட்டை வீட்டு ஆம்ப்போட இணைப்பது எப்படி?

ஓம் சரவணபவ!

கந்த சஷ்டி நெருங்கினாலே குரூப்ல ஒரு கேள்வி வந்துடும். "டேப்லெட்டை வீட்டு ஹோம் தியேட்டரோட இணைச்சு ஹை-ரெஸ்ல கவசம் கேட்கணும். எதை வாங்கணும்? எவ்வளவு ஆகும்?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். பெரிய செலவு தேவையில்லை. ஒலியை வெட்டாம தர்ற லாஸ்லெஸ் பதிவு, புளூடூத்துக்குப் பதிலா ஒரு ஒயர், ஒரு சின்ன டேக், இந்த மூணு போதும். ஏன்னு கீழே பார்ப்போம்.

எழுத்து முக்கியம்

கவசம்ங்கறது எழுத்தால கட்டின சட்டை. பாம்பன் சுவாமிகளோட சண்முக கவசத்துல 30 பாடல். 12 உயிரெழுத்து, 18 மெய்யெழுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாடல்னு அகரவரிசையில அமைஞ்சது. 1923-ல நம்ம தம்புச் செட்டித் தெருவுல குதிரை வண்டி மோதி சுவாமிகளுக்குக் கால் எலும்பு முறிஞ்சது. அவர் பொது மருத்துவமனையில இருந்தப்போ அன்பர்கள் பாராயணம் பண்ணினது இந்தக் கவசத்தைத்தான்.

திருப்புகழும் அப்படித்தான். அருணகிரிநாதர் நம்ம திருவொற்றியூரையும் பாடியிருக்கார். சந்தத்துல ஒரு எழுத்து நழுவினா தாளமே நழுவிடும். வ.த.சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊரா ஏடு தேடி, 1894-ல திருப்புகழ் முதல் தொகுதியை அச்சுல கொண்டுவந்தார். எழுத்து தொலைஞ்சிடக் கூடாதுன்னு அவ்வளவு பாடு.

இன்னிக்கு நம்மள்ல பலர் புத்தகம் பார்த்துக் கத்துக்கறதில்ல, கேட்டுக் கத்துக்கறோம். சூலமங்கலம் சகோதரிகள் குரலோட சேர்ந்து சொல்லித்தான் கந்த சஷ்டி கவசம் மனப்பாடம் ஆகுது. கேட்கறதுல ர, ற கலங்கி, ல, ள, ழ மழுங்கிப் போனா, நம்ம வாயிலயும் அப்படியே உட்கார்ந்துடும். அதனால தெளிவான ஒலியை ஆடம்பரம்னு நினைக்காதீங்க. பாராயணத்துக்கு அது தேவை.

ஹை-ரெஸ்னா என்ன?

சி.டி. தரம்னா 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒரு நொடி ஒலியை 44,100 தடவை அளந்து எண்ணா எழுதி வைக்கறது. ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட் ஆகும். அதுக்கு மேல 24 பிட், 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ்னு போனா, அதைத்தான் ஹை-ரெஸ்னு சொல்றாங்க.

லாஸ்லெஸ்னா அந்த எண்கள்ல ஒண்ணுகூட தொலையாம சுருக்கறது, ஜிப் ஃபைல் மாதிரி. எம்பி3-ல அப்படி இல்ல. "இது காதுக்குத் தெரியாது"ன்னு நினைக்கற பகுதியை வெட்டிட்டுத்தான் சுருக்கும். பிட்ரேட் குறைஞ்சா முதல்ல கெடறது ச, ஷ, ஸ மாதிரியான சீறல் ஒலியும், ட, க, ப மாதிரி பட்டுனு வெடிக்கற வல்லின ஒலியும்தான். கவசத்துல வேகமா அடுக்கி வர்ற இடங்கள் நிறைய இந்த ஒலிகள்தான்.

எங்கே தொலையுது?

1. ஆப்ல: யூடியூப்ல வீடியோவை 4கே-ன்னு வச்சாலும் ஒலி சுருக்கின ஒலிதான். லாஸ்லெஸ் தர்ற ஆப் வேணும். ஆப்பிள் மியூசிக் 2021-ல இருந்து தனிக் கட்டணம் இல்லாம தருது. வேற ஆப் வச்சிருந்தா செட்டிங்ஸ்ல "லாஸ்லெஸ்" இருக்கான்னு பாருங்க. வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தனித்தனியா மாத்தணும். "ஆட்டோ"ல விட்டா சிக்னல் குறையறப்போ அதுவே தரத்தைக் குறைச்சிடும்.

2. புளூடூத்துல: லாஸ்லெஸ் பாட்டைப் போட்டாலும் புளூடூத் மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். சாதாரண எஸ்பிசி முறையில சுமார் 328 கிலோபிட்தான். எல்டாக் 990 வரை போகும், ஆனா போன், ஸ்பீக்கர் ரெண்டுலயும் அது இருக்கணும். ஐபோன்ல அது கிடையாது.

3. போனுக்குள்ள: ஆண்ட்ராய்டு எல்லா ஆப் ஒலியையும் கலந்து, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாத்தித்தான் வெளியே விடும். ஆண்ட்ராய்டு 14-ல இருந்து, மாத்தாம அனுப்பற வழி இருக்கு, ஆப்பும் அதுக்கு ஒத்துழைக்கணும். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி ஆப் தனி வழியில நேரா அனுப்பும்.

இணைக்கும் முறை

பழைய ஆம்ப், அசெம்பிள் செட் (சிவப்பு, வெள்ளை பின்): போன்ல டேக், அதுல இருந்து 3.5 எம்எம் டு ஆர்சிஏ ஒயர், அங்கிருந்து ஆம்ப்போட ஆக்ஸ் இன்புட். டேக்னா எண்களை ஒலி மின்னலையா மாத்தற சின்ன சிப். ரிச்சி தெருவுல வாங்கும்போது "உள்ளே டேக் சிப் இருக்கா?"ன்னு கேளுங்க. டைப்-சி டு 3.5 எம்எம்னு விக்கற சிலதுல சிப்பே இருக்காது, வெறும் ஒயர்தான். அது பல போன்ல வேலை செய்யாது.

சவுண்ட்பார், புது ஹோம் தியேட்டர்: டைப்-சி டு 3.5 எம்எம் டேக்ல இருந்து ஆக்ஸ் போடலாம். ஆக்ஸ் இல்லேன்னா டிவியில அதே ஆப்பைப் போட்டு, ஆப்டிக்கல் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியா சவுண்ட்பாருக்குக் கொடுங்க.

பூஜை அறையில டேப்லெட்: டேக் செருகினா சார்ஜ் போட இடம் இருக்காது. சார்ஜ் பின்னும் சேர்ந்த ஹப் ஒண்ணு வாங்கலாம். ஆனா சார்ஜ் போட்டபடி ஓட்டினா "ம்ம்ம்"னு ஹம் வரலாம். எர்த் சுத்து தப்பினா அப்படி வரும். முதல்லயே முழு சார்ஜ் ஏத்திட்டு, ஒயரைக் கழட்டிட்டுப் போடறதுதான் சுலபம்.

இணைச்ச பிறகு போன் வால்யூமை முழுசா வச்சு (ஒலி உடைஞ்சா ரெண்டு படி கீழே), சத்தத்தை ஆம்ப்லதான் கூட்டிக் குறைக்கணும். ஈக்வலைசர், டால்பி, பாஸ் பூஸ்ட் எல்லாத்தையும் அணைச்சிடுங்க. ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் ஆன் பண்ணுங்க. பாராயணம் நடுவுல டெலிவரி ஆப் மணி அடிக்கக் கூடாது இல்லையா!

நம்ம ஏரியாவுக்கு மட்டும் ரெண்டு விஷயம்

முதல்ல உப்புக் காத்து. ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் ஆர்சிஏ பின், ஸ்பீக்கர் ஒயர் முனை எல்லாம் சீக்கிரம் பாசி பிடிச்சுக் கறுத்துடும். "ஒரு பக்கம் சத்தம் வரல, கரகர்னு வருது"ன்னா புது ஆம்ப் வாங்க ஓடாதீங்க. கரண்ட்டை நிறுத்திட்டு பின்னைக் கழட்டி, ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சுப் பாருங்க. ஸ்பீக்கர் ஒயர் முனையை வெட்டிப் புது செம்பு தெரிய சீவிப் போடுங்க.

ரெண்டாவது கன்டெய்னர் லாரி. 16 பிட் ஒலி 96 டெசிபல் வரை சின்னதுக்கும் பெரியதுக்கும் வித்தியாசம் காட்டும், 24 பிட் கணக்குல 144. எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்து வீட்டுல லாரி இரைச்சல், ஃபேன் சத்தத்துக்கு மேலதான் நாம பாட்டைக் கேட்கறோம். அந்த இரைச்சலுக்குக் கீழே இருக்கற நுணுக்கம் எதுவும் காதுக்கு வராது. 16 பிட்டே நமக்கு மிச்சம்! 192 கிலோஹெர்ட்ஸுக்குக் காசு கொட்டறதை விட, சாலைப் பக்க ஜன்னலைச் சாத்தினா பலன் அதிகம்.

பழைய பதிவுகள்

டி.எம்.எஸ்., சீர்காழி, கே.பி. சுந்தராம்பாள், சூலமங்கலம் சகோதரிகள், நாம உருகற குரல்கள் பெரும்பாலும் அந்தக் காலத்து காந்த டேப்ல பதிவானவை. அந்த டேப்போட வீச்சே சுமார் 60–70 டெசிபல்தான். நல்ல மாஸ்டர் டேப்ல இருந்து எடுத்த சி.டி. தர லாஸ்லெஸ் இருந்தாலே, பதிவுல இருக்கற எல்லாம் கைக்கு வந்துடும். "24 பிட் ரீமாஸ்டர்"னு டெலிகிராம்ல சுத்தறதுல எம்பி3-யை ஊதிப் பெருசாக்கினதும் உண்டு. தொலைஞ்ச எழுத்து ஏட்டைப் பெருசா நகலெடுத்தா திரும்பி வருமா? சந்தேகம்னா கம்ப்யூட்டர்ல ஸ்பெக்ட்ரம் காட்டற மென்பொருள்ல திறந்து பாருங்க. 16 கிலோஹெர்ட்ஸுல கத்தியால வெட்டின மாதிரி நின்னா, எம்பி3-ல இருந்து வந்ததா இருக்க வாய்ப்பு அதிகம்.

டேட்டா கணக்கும் பாருங்க. சுமார் 20 நிமிஷக் கவசம் சி.டி. தர லாஸ்லெஸ்ல 100–140 எம்பி அளவுல அடங்கிடும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்னா சுருக்கறதுக்கு முன்னாடி 1.3 ஜிபிக்கு மேல. வைஃபை இருக்கறப்போ ஆப்லயே டவுன்லோடு பண்ணி வச்சுக்கோங்க.

சத்தம் எவ்வளவு?

குடியிருப்புப் பகுதிக்கு ஒலி மாசு விதிகள் (2000) சொல்ற அளவு பகல்ல 55 டெசிபல், இரவுல 45. இரவுன்னா 10 மணியில இருந்து காலை 6 மணி வரை. பிரம்ம முகூர்த்தப் பாராயணம் இதுக்குள்ளதான் வருது! பக்கத்து வீட்டுல நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்கறவர் இருப்பார், விடியக்காலையில கடல்ல இருந்து திரும்பினவர் இருப்பார். ஒலி கலங்கி இருந்தா சொல் புரியலன்னு சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போவோம். ஒலி சுத்தமா இருந்தா சின்ன சத்தத்துலயே ஒவ்வொரு எழுத்தும் காதுல விழும். இந்த வேலை எல்லாத்துக்கும் கிடைக்கற உண்மையான பலன் அதுதான்.

இன்னிக்கே செய்து பார்க்க

ஒரே கவசத்தை முதல்ல புளூடூத்துல, அப்புறம் ஒயர்ல, ஒரே அளவு சத்தத்துல போடுங்க. கையில புத்தகம் வச்சுக்கிட்டு, வேகமா வர்ற பகுதியை வரி வரியா ஒப்பிடுங்க. எங்கெல்லாம் நீங்க சொல்றதும் புத்தகமும் மாறுதோ, அங்க பென்சில்ல கோடு போடுங்க. சஷ்டியோட ஆறு நாள்ல அந்தக் கோடுகளை ஒண்ணொண்ணா அழிங்க. வித்தியாசமே தெரியலன்னா சந்தோஷம், காசு மிச்சம். அந்தக் காசுல சிறுவாபுரிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய்ட்டு வாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!