படத்தில் இல்லாத மூன்றாம் ஆள்
(மொத்த வியாபாரிகளுக்கு ஒரு பாடம்)



விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் தெரு வியாபாரிகளைப் பற்றி ஹென்றி மேஹ்யூ என்பவர் 1851-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் படங்கள் பல. சுட்ட உருளைக்கிழங்கு விற்பவர் ஒரு படத்தில் நிற்கிறார். இன்னொன்றில் ஒரு பையனும் பெண்ணும் 'பை' என்னும் பலகாரம் விற்பவரோடு பூவா தலையா போட்டுப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் ஜெயித்தால் பலகாரம் இலவசம். தோற்றால் காசு அவருக்கு. நம் திருவள்ளூர்ப் பள்ளி வாசலிலும், கும்மிடிப்பூண்டி ரயிலடியிலும் தள்ளுவண்டியைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கும்போது அந்தப் படங்களே நினைவுக்கு வருகின்றன.

இப்படங்களில் குழந்தை உண்டு, தெரு வியாபாரி உண்டு. அவருக்குச் சரக்குப் போட்ட மூன்றாம் ஆள் மட்டும் இல்லை. அந்த ஆள் நாம்தான்.

மூன்றாம் ஆளைக் காட்டும் படம் 1858-இல் 'பஞ்ச்' பத்திரிகையில் வந்தது. வரைந்தவர் ஜான் லீச். எலும்புக்கூடு ஒன்று மிட்டாய் தயாரிக்கிறது! காரணம் இதுதான். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரச் சந்தையில், அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் தேதி ஹார்டேக்கர் என்பவர் பெப்பர்மிண்ட் மிட்டாய் விற்றார். சுமார் 20 பேர் மாண்டனர். 200 பேருக்கு மேல் நோயுற்றனர். முதலில் இறந்தவர்கள் இரண்டு குழந்தைகள். காலரா என்றே முதலில் நினைத்தார்கள்.

நடந்தது என்ன? மிட்டாய் தயாரித்து மொத்தமாக விற்ற ஜோசப் நீல், சர்க்கரை விலை அதிகம் என்று மலிவான வெள்ளைப் பொடி கலப்பது வழக்கம். அந்தப் பொடி வாங்க ஆள் அனுப்பினார். மருந்துக் கடைப் பையன் லேபில் இல்லாத பீப்பாயிலிருந்து 12 பவுண்டு அள்ளிக் கொடுத்தான். அது பாஷாணம். மிட்டாயின் தோற்றம் மாறியிருந்ததை ஹார்டேக்கர் கவனித்தார். ஆனால் அதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டார். யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால் 1860-இல் கலப்படத் தடைச் சட்டம் வர இச்சம்பவமும் ஒரு காரணமாயிற்று.

நமக்கும் இது தூரத்துக் கதையன்று. துணிச்சாயமான ரோடமின்-பி கலந்திருந்தது சோதனையில் தெரிந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. கையில் கோலோடு நடந்து விற்ற ஏழையின் பிழைப்புத்தான் முதலில் போயிற்று. அந்தச் சாயத்தை அவர் வீட்டிலா காய்ச்சினார்? யாரோ ஒருவர் விற்றார்.

ஒளிக்காமல் சொல்கிறோம். நாங்களும் ஒரு காலத்தில் டின்னைப் பிரித்து, கலர்ப் பொடியைப் பெயரில்லாத காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தவர்களே. "முதலாளி, விலை குறைஞ்ச கலரா குடுங்க" என்று கேட்பார்கள், கொடுப்போம். கேடு எதுவும் நேரவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டமே தவிர, எங்கள் நேர்மையன்று. தொழிற்பேட்டைச் சரக்கும் தின்பண்டச் சரக்கும் ஒரே தெருவில் இறங்கும் நம் பகுதியில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

ஆகவே உறுப்பினர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. உணவு நிறப்பொடியை மூடிய டப்பாவாகவே விற்க வேண்டும். பிரித்துக் கட்டக் கூடாது.

2. லேபிலில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாத சரக்கைக் கொள்முதல் செய்யக் கூடாது.

3. சாயமும் இரசாயனமும் தின்பண்டச் சரக்கோடு ஒரே குடோனில் இருக்கக் கூடாது.

4. சரக்கின் நிறமோ மணமோ மாறியிருந்தால் விலை பேசாதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

5. தள்ளுவண்டிக்காரருக்கும் பில் கொடுங்கள். எந்தப் பண்டத்தில் எவ்வளவு நிறம் போடலாம், எதில் போடவே கூடாது என்பதை வாயாலும் சொல்லுங்கள். பலருக்கு லேபிலைப் படிக்க நேரமில்லை.

பத்து ரூபாயை நீட்டும் பிள்ளை வண்டிக்காரரை நம்புகிறது. வண்டிக்காரர் நம்மை நம்புகிறார். நம் கல்லாவில் விழும் காசில் அந்த இரண்டு நம்பிக்கையும் சேர்ந்தே இருக்கிறது.