லேப்டாப்புக்கு டிவி டியூனர்: முதலில் வீட்டுக்கு வரும் ஒயரைப் பாருங்கள்

டிவி டியூனர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அட்டைப்பெட்டியைப் படித்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஹெச்.டி. உண்டு, ரிமோட் உண்டு, ரெக்கார்டிங் உண்டு என்று அதில் எல்லாமே இருக்கும். உங்கள் வீட்டுக்கு டிவி எந்த வழியாக வருகிறது என்பது மட்டும் இருக்காது. தேர்வை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டு வீடு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கேபிள்காரர் இழுத்துவிட்ட ஒயரை நேராக டியூனரில் செருகினால் படம் வந்த காலம் ஒன்று இருந்தது. அது அனலாக் காலம். 2011இல் கேபிள் டிவி சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி நாடு கட்டம் கட்டமாக டிஜிட்டலுக்கு மாறியது. தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம் 2017இல் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. இன்று அதே ஒயரில் வரும் கட்டணச் சேனல்கள் பூட்டியே வருகின்றன. சாவி செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது. டி.டி.எச். இணைப்பிலும் இதே நிலைதான். ‘டிவிபி-சி’ (டிஜிட்டல் கேபிளுக்கான தரம்) என்று எழுதிய யு.எஸ்.பி. டியூனர் கேபிள் சிக்னலைப் பிடிக்கும். ஆனால் பூட்டைத் திறக்காது. மொட்டைமாடி ஆண்டெனாவை நம்பலாமா என்றால், தூர்தர்ஷனும் தன் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. பழைய அனலாக் டியூனரை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

செட்டாப் பாக்ஸ் உள்ள வீட்டில் பலரும் முதலில் செய்வது, அதன் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை லேப்டாப்பில் செருகிப் பார்ப்பது. ஒன்றும் வராது. லேப்டாப்பில் இருக்கும் அந்தத் துளை படத்தை வெளியே அனுப்புவதற்கு; உள்ளே வாங்குவதற்கு அல்ல. உள்ளே வாங்க ‘கேப்சர்’ கருவி தேவை. மலிவான ஹெச்.டி.எம்.ஐ. கேப்சர் குச்சிகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் செட்டாப் பாக்ஸ்கள் ஹெச்.டி.எம்.ஐ. வழியே ஹெச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்போடு படத்தை அனுப்பும் வழக்கம் உள்ளவை. அப்போது உங்களுக்குக் கிடைப்பது கறுப்புத் திரைதான். ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். பல குச்சிகள் 4கே சிக்னலை வாங்கிக்கொண்டு 1080 அளவுக்குச் சுருக்கித்தான் லேப்டாப்புக்குத் தருகின்றன.

ஆகவே கேபிள், டி.டி.எச். வீடுகளுக்கு நடைமுறையில் ஒத்துவருவது பழைய ஏ.வி. வழி. செட்டாப் பாக்ஸின் ஏ.வி. அவுட்டிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை யு.எஸ்.பி. ஏ.வி. கேப்சரில் செருகுங்கள். படம் சாதாரண எஸ்.டி. தரத்தில்தான் இருக்கும், சேனலை பாக்ஸின் ரிமோட்டில்தான் மாற்ற முடியும். ஹாஸ்டல் அறையில் செய்தியும் கிரிக்கெட்டும் பார்க்க இது போதும். சினிமா ரசிகருக்குப் போதாது.

உண்மையான டியூனர்தான் வேண்டும் என்பவருக்கு என் சிபாரிசு, செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் டிவிபி-எஸ்2. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவை 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. மாதக் கட்டணம் இல்லை. டிஷ் வைத்து, அதன் ஒயரை எஸ்2 டியூனரில் செருகினால் லேப்டாப்பில் பார்க்கலாம், சேமிக்கலாம். கட்டணச் சேனல்களை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் வேண்டும், யு.எஸ்.பி. தருவதோ 5 வோல்ட். அதனால் நல்ல எஸ்2 டியூனர் தனி அடாப்டரோடு வரும். டிஜிட்டல் டியூனரின் பெரிய ஆதாயம், ஏற்கெனவே சுருக்கப்பட்ட சிக்னலை அப்படியே கோப்பாக எழுதிவிடுவது. லேப்டாப் திணறாது. நொடிக்கு 8 மெகாபிட் ஓடும் சேனலை ஒரு மணி நேரம் சேமித்தால் சுமார் 3.6 ஜி.பி. ஆகும், அதற்கு இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பவருக்குக் கணக்கே வேறு. சிங்கப்பூர் 2018 முடிவிலும் மலேசியா 2019 அக்டோபரிலும் அனலாக்கை நிறுத்தின. இரண்டிலும் ஆண்டெனா வழி டிஜிட்டல் தரமான டிவிபி-டி2 நடைமுறையில் இருக்கிறது. சிறு ஆண்டெனாவும் டி2 டியூனரும் இருந்தால் சிங்கப்பூரில் தமிழ்ச் சேனலான வசந்தம் இலவசம். ‘டி2’ என்பதில் அந்த 2 முக்கியம். மலிவுக் குச்சிகள் பலவற்றில் இருக்கும் ஆர்.டி.எல்.2832யு சிப் பழைய டிவிபி-டி மட்டுமே அறியும்.  

சென்னை ரிச்சி தெருவில் ‘டியூனர் பாக்ஸ்’ என்று காட்டப்படுவது பெரும்பாலும் தனி மானிட்டருக்கானது. லேப்டாப் திரையோடு இணையாது. பழைய லேப்டாப்புகளுக்கு வந்த எக்ஸ்பிரஸ் கார்டு வகை டியூனரைச் செருக இன்றைய லேப்டாப்பில் துளையே இல்லை.

மென்பொருளையும் பாருங்கள். விண்டோஸ் 10 வந்தபோதே மைக்ரோசாஃப்ட், டிவி பார்க்க உதவிய தன் மீடியா சென்டர் மென்பொருளைக் கைவிட்டுவிட்டது. டிரைவர் சி.டி.யோடு வரும் பழைய சரக்கு புது லேப்டாப்பில் படுத்துவிடலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பல டியூனர்களின் டிரைவர் கெர்னலிலேயே உண்டு.

தூர்தர்ஷன் பார்ப்பது மட்டுமே நோக்கமானால், நல்ல இணைய இணைப்பு உள்ள வீட்டில் டியூனரே வேண்டாம். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024இல் தொடங்கிய வேவ்ஸ் செயலி போதும். வாங்குவதென்று முடிவுசெய்தால் லேப்டாப்பைக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். டிரைவர் உங்கள் லேப்டாப்பில் ஏறுவதை அங்கேயே பாருங்கள். உங்கள் வீட்டு இணைப்பில் படம் வராவிட்டால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லில் எழுதி வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.