641ஏ அறையில் என்ன இருந்தது?

"இன்டர்நெட்டில் நான் அனுப்புவதை வேறு யாராவது பார்க்க முடியுமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வைரஸ், ஹேக்கர் என்று பயப்படுகிறோம். நமக்கு இணைப்பு தரும் போன் கம்பெனியைப் பற்றி யோசிப்பதில்லை. அமெரிக்காவில் நடந்த ஒன்றை வைத்து இதைப் பார்ப்போம்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் ஃபோல்சம் தெருவில், 611ஆம் எண் கட்டடத்தில் ஏடி அண்ட் டி கம்பெனி இயங்கியது. அங்கே டெக்னீஷியனாக இருந்து 2004இல் ஓய்வு பெற்றவர் மார்க் கிளைன். 2006இல் அவர் ஒரு தகவலை வெளியிட்டார். ஆறாவது மாடியில் 641ஏ என்ற பூட்டிய அறை இருக்கிறது. அரசின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் அனுமதி பெற்றவர்தான் அதற்குள் போக முடியும். இன்டர்நெட் கேபிளில் இருந்து ஒரு கிளை அந்த அறைக்குப் போகிறது என்றார்.

இது எப்படி வேலை செய்யும்? கேபிள் டிவி ஒயரில் ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு டிவிகளுக்குக் கொடுக்கிறோம் அல்லவா? இரண்டிலும் ஒரே படம்தான் தெரியும். ஃபைபர் கேபிளில் போவது ஒளி. அதை இரண்டாகப் பிரித்தால் இரு பக்கமும் முழுத் தகவலும் போகும். அனுப்பியவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2006 ஜனவரியில் வாடிக்கையாளர்களுக்காக வழக்குப் போட்டது. 2008இல், அரசுக்கு உதவிய போன் கம்பெனிகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. அதனால் 2009இல் வழக்கு தள்ளுபடியானது.

2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடென் மூலம் இன்னொரு விஷயம் வெளிவந்தது. வெரிசான் கம்பெனியின் ஒரு பிரிவு, தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களைத் தினமும் என்.எஸ்.ஏ.வுக்குத் தர வேண்டும் என்ற ரகசிய நீதிமன்ற உத்தரவு அது. பேச்சு அதில் இல்லை. யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்பது போன்ற விவரங்கள்தான். இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். கடிதத்தைப் பிரிக்காமல் உறையை மட்டும் படிப்பது போல.

உறைதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒருவர் காலையில் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கும், அடுத்து புற்றுநோய் மருத்துவமனைக்கும், பிறகு அண்ணனுக்கு ஒரு மணி நேரமும் போன் செய்கிறார். என்ன பேசினார் என்று கேட்கவே வேண்டாம். இப்படி மொத்தமாக விவரம் சேர்ப்பதை அமெரிக்காவில் 2015இல் ஒரு சட்டம்தான் நிறுத்தியது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. பாஸ்வேர்டு, கார்டு எண் தரும் முன் முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்போது கேபிளில் பிரித்து எடுத்தாலும் புரியாத எழுத்துகள்தான் கிடைக்கும். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2. எஸ்.எம்.எஸ்.ஸையும் சாதாரண அழைப்பையும் போன் கம்பெனியால் படிக்க, கேட்க முடியும். சொந்த விஷயங்களுக்கு சிக்னல், வாட்ஸ்ஆப் போன்றவற்றைப் பயன்படுத்துங்கள். இரு முனைகளிலும் மட்டுமே திறக்கும் பூட்டு அவற்றில் உண்டு.

3. கடிதத்தைத்தான் சாப்ட்வேர் பூட்டும்; உறையை முழுவதும் மறைக்காது. அதைக் காப்பது சட்டத்தின் வேலை. புது இணைப்பு வாங்கும்போது, உங்கள் விவரங்களை யாருக்குத் தருவார்கள் என்ற விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.