கடைத் திறப்பும் சுவிச்சின் கடவுச்சொல்லும்

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணம் நியூயோர்க்கிலிருந்த கணக்கிலிருந்து களவாடப்பட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பிய 20 மில்லியன் டொலர், 'பவுண்டேஷன்' என்ற சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதியதால் சந்தேகம் எழுந்து தடுக்கப்பட்டது. வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பணம் அனுப்பும் கணினிகளை அந்த வங்கி 10 டொலர் பெறுமதியான, பாவித்த சுவிச்சுகளால் இணைத்திருந்தது என்று விசாரணை அதிகாரி ஒருவர் அவ்வருடம் ஏப்ரலில் சொன்னார். யார் என்ன செய்தார்கள் என்று பின்னர் தேடிப் பிடிப்பதும் அதனால் கஷ்டமாயிற்று.

இது மின்குமிழ் போடும் சுவிச் அல்ல. பில் கணினி, கமரா, வைஃபை எல்லாவற்றின் கம்பிகளும் வந்து சேரும் பெட்டி. மலிவானதில் கம்பியைச் செருகினால் போதும். பெயரும் கேட்காது, கடவுச்சொல்லும் கேட்காது. விலை கூடிய 'மெனேஜ்ட்' சுவிச் இரண்டையும் கேட்கும், நடந்ததையும் பதிந்து வைக்கும்.

வவுனியாவில் என் கடைக்கு அப்படியொன்றுதான் வாங்கினேன். பூட்டித் தந்த பையன் 'அட்மின்' என்ற ஒரே பெயரைப் போட்டுத் தந்தார். நான், மகன், கணக்கப்பிள்ளை, கமரா திருத்த வருபவர் என நான்கு பேரும் அதையே பாவித்தோம். பெருநாள் நெருங்கிய ஒரு சனிக்கிழமை பில் கணினிகள் ஸ்டொக் கணக்கை எடுக்க மறுத்தன. பொழுதுபடும்வரை கையால் பில் எழுதினோம். யாரோ ஒரு போர்ட்டை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். பதிவைப் பார்த்தால் மாற்றியவர் 'அட்மின்' என்றிருந்தது. நான்கு பேருமே அட்மின்தானே! பல வருடம் என்னோடு இருந்த கணக்கப்பிள்ளையைக் கடுமையாகப் பேசிவிட்டேன். மாற்றியது கமராக்காரர் என்பது திங்கட்கிழமைதான் தெரிய வந்தது.

கடைத் திறப்பு வைத்திருப்பவனிடம் நாம் இரும்புப் பெட்டித் திறப்பைக் கொடுப்பதில்லை. சுவிச்சிலும் அப்படிப் பிரிக்க முடியும். சிஸ்கோ சுவிச்சில் 0 முதல் 15 வரை அதிகாரப் படிகள் உண்டு. சாதாரணமாக 1இல் உள்ளவர் சிலவற்றைப் பார்க்கலாம், 15இல் உள்ளவர் எதையும் மாற்றலாம். இடைப்பட்ட படிகளுக்கு எந்தெந்தக் கட்டளை என்பதை நாமே தீர்மானிக்கலாம். எச்பி புரோகர்வில் 'ஒப்பரேட்டர்', 'மெனேஜர்' என இரண்டு தரம். சில சிறிய சுவிச்சுகளில் ஒரேயொரு கணக்குத்தான் இருக்கும், ஆகவே காசு கொடுக்கு முன் கேளுங்கள்.

இப்போது என் கடையில் ஆளுக்கொரு பெயர். கணக்கப்பிள்ளைக்குப் பார்க்க மட்டும் அனுமதி. கமராக்காரர் வரும் நாளில் அவர் பெயரைத் திறந்து, போனதும் மூடிவிடுகிறோம். முழு அதிகாரம் எனக்கும் மகனுக்கும். அந்தக் கடவுச்சொற்கள் கடித உறையில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. வேலையை விட்டுப் போகிறவரின் பெயரை அன்றைக்கே அழித்துவிட வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று கிளைகள் உள்ளவர்கள் 'ரேடியஸ்' என்னும் முறையில் எல்லாப் பெயர்களையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

டெக்னீசியன்மார் மறந்துவிடும் சில விடயங்கள் உண்டு. டெல்நெட் கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும். அதை மூடி எஸ்எஸ்எச் போடச் சொல்லுங்கள். செய்த மாற்றத்தைச் சேமிக்காவிட்டால், கரண்ட் போய் வந்ததும் பழையபடிதான். பதிவும் அநேகமாக அப்படியே அழிந்துபோகும் என்பதால் அதை ஒரு கணினிக்கு அனுப்பிவைக்க வேண்டும். நேரமும் சரியாக இருக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டுப் பெட்டியைக் கதவோரம் திறந்தபடி வைத்தால், கையில் எடுத்தவன் கடவுச்சொல்லையே மாற்றிவிடலாம். என்னுடையது இப்போது பூட்டிய அலுமாரிக்குள் இருக்கிறது.

பங்களாதேஷில் திருடர்கள் மின்னஞ்சல் வழியாக உள்ளே வந்தவர்கள். நல்ல சுவிச் மட்டும் அவர்களை நிறுத்தியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் போன மாதமும் ஒரு போர்ட் மாறியிருந்தது. பதிவில் என் மகனின் பெயர் இருந்தது. கணக்கப்பிள்ளைதான் அதைக் கொண்டுவந்து காட்டினார், சிரித்துக்கொண்டே.