ரதி என்று எழுதிவிடாதே!

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

“அஃப்ரோடைட்டிதானே வீனஸ்? அஸ்டார்ட்டியும் அவள்தானே? பேசாமல் ரதி என்றே எழுதிவிடட்டுமா?” என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். அவசரக்காரா, பொறு!

ரதியை முதலில் விட்டுவிடு. ரதிக்கு மன்மதன் புருஷன். கிரேக்கரின் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டிக்கோ, பிற்காலக் கிரேக்கக் கதைகளில், காதல் அம்பு எய்யும் ஏரோஸ் மகன். நீ பெயரை மாற்றினால் உறவுமுறையே தலைகீழாகிவிடும்.

அடுத்து, கடல் நுரைக்குக் கிரேக்கத்தில் ‘அஃப்ரோஸ்’ என்று பெயர்; நுரையில் பிறந்ததால் அஃப்ரோடைட்டி என்றார் கிரேக்கக் கவிஞர் ஹெசியோட். நீ அதையே சொற்பிறப்பாக எழுதுவாய், எனக்குத் தெரியும். எழுதாதே. அது கவிஞர் சொன்ன காரணம். பெயரின் வேர் எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை.

அவளுடைய சொந்த ஊர் என்று கிரேக்கர்கள் கொண்டாடிய சைப்ரஸையே பார். பாஃபோஸ் கோயிலில் மனித உருவில் சிலை இல்லை. கூம்பு வடிவக் கல்லைத்தான் கும்பிட்டார்கள். அங்குள்ள பழைய கல்வெட்டுகள் அவளை ‘வனாஸ்ஸா’, அதாவது அரசி, என்றே சொல்கின்றன. அஃப்ரோடைட்டி என்ற பெயர் அங்கே பிந்தித்தான் வருகிறது.

அதே தீவின் கிதியோன் ஃபினீசியர் ஊர். அங்கே அவர்களுடைய தெய்வமான அஸ்டார்ட்டிக்குக் கோயில் இருந்தது. கி.மு. 333 வாக்கில் அந்த ஊர் வணிகர்கள் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கோயில் கட்ட அனுமதி வாங்கினார்கள். ஆனால் ஏதென்ஸ் மக்கள் சபையின் தீர்மானத்தில் இருக்கும் பெயர் அஃப்ரோடைட்டி.

“அப்படியானால் ஒருத்திதானே மாமா?” என்பாய். வந்த ஊரில் இடம் கேட்பவன் அந்த ஊர்க்காரனுக்குப் புரியும் பெயரைத்தான் சொல்வான். அதனால் இரண்டு ஊர் வழிபாடும் ஒன்றாகிவிடாது.

ரோமுக்குப் போனால் வீனஸ். ஜூலியஸ் சீசர் அவளைத் தன் குலத்தின் மூதாய் என்று சொல்லிக்கொண்டு கி.மு. 46இல் கோயிலே எடுத்தார். அங்கே அவள் அரசியலுக்கும் தாய். ஆனால் 1820இல் மிலோஸ் என்ற கிரேக்கத் தீவில் கிடைத்த கிரேக்கச் சிலையையும் உலகம் ‘வீனஸ்’ என்றே அழைக்கிறது. நீயும் அந்தத் தப்பில் சேராதே.

ஏதென்ஸைப் பற்றி எழுதினால் அஃப்ரோடைட்டி, ரோமைப் பற்றி எழுதினால் வீனஸ், கிதியோனைப் பற்றி எழுதினால் அஸ்டார்ட்டி என்று போடு. எந்த ஊர், எந்தக் காலம் என்று பார்த்த பிறகே பேனாவை எடு. கட்டுரையை முடித்ததும் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா