தப்பைத் தாங்க முடியாத பிள்ளைக்குத் தைரியம் தருவது எப்படி? பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரு விவேக் நகரில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், பள்ளியில் ஆங்கிலம் படிக்கும், கூடவே கன்னடமும் எழுதும். தமிழில் ஒரே 'க'. கன்னடத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள். தப்பு வரத்தான் செய்யும். பல பிள்ளைகள் அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள். சிலர் தாள் ஓட்டையாகும் வரை ரப்பரால் தேய்ப்பார்கள், பக்கத்தையே கிழிப்பார்கள், "எனக்கு எதுவுமே வராது" என்று அழுவார்கள். பார்ப்பவர்களுக்குப் பிடிவாதமாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் பயம். தப்பு வந்தால் மதிப்புப் போய்விடும் என்ற பயம். அதைக் குறைக்கும் வழி நம் கையில் இருக்கிறது.

1. அடையாளம் காணுங்கள்

அரை மணி நேர வீட்டுப்பாடம் இரண்டு மணி நேரம் இழுக்கிறதா? தோற்கப்போவது தெரிந்ததும் பிள்ளை கேரம் காய்களைக் கலைத்துவிட்டு எழுந்துபோகிறதா? 98 வாங்கியும் போன இரண்டு மார்க்குக்காக அழுகிறதா? இவை அடிக்கடி நடந்தால் கவனியுங்கள்.

உளவியலாளர்கள் பால் ஹியூவிட்டும் கார்டன் ஃபிளெட்டும் 1991-இல், எதுவும் குறையின்றி இருக்க வேண்டும் என்ற முழுமைவாதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே முழுமையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. மூன்றாவதில் வீட்டுப் பேச்சுக்குப் பங்கு உண்டு. "ரெண்டு மார்க் எங்க போச்சு?" என்று நாம் சாதாரணமாகக் கேட்பது பிள்ளை மனதில் ஆழமாகப் பதிகிறது.

2. அழும்போது புத்தி சொல்லாதீர்கள்

அந்த நேரத்தில் எந்த அறிவுரையும் ஏறாது. பக்கத்தில் உட்காருங்கள். "எழுத்து நினைச்ச மாதிரி வரலைன்னு கோபமா இருக்கா கண்ணு?" என்று கேளுங்கள். தண்ணீர் குடிக்கட்டும், மொட்டை மாடியில் சிறிது நடந்துவரட்டும். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

3. பாராட்டை மாற்றுங்கள்

கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைப் புத்திசாலி என்றும், சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறினார்கள். அதன்பின் புத்திசாலிப் பட்டம் பெற்றவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள்; உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் விடாமல் முயன்றார்கள்.

ஆகவே "நீ ஜீனியஸ்" என்பதைக் குறையுங்கள். "முதல் வழி சரிப்படலைன்னதும் வேற வழி யோசிச்சியே, அது நல்லா இருந்தது" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

வேண்டுதலுக்கும் இது பொருந்தும். பரீட்சைக்கு முன் குழந்தை இயேசு ஆலயத்துக்கு அழைத்துப்போகும் வீடுகள் இங்கே உண்டு. பிள்ளையின் காதுபட வேண்டும்போது, "சென்டம் வரணும்" என்பதை விட்டு "பதறாம எழுதணும்" என்று வேண்டுங்கள்.

4. தப்புக்கு ஒரு முறை வையுங்கள்

வீட்டில் எழுதிப் பழக ஒரு ரஃப் நோட்டு கொடுங்கள். அதில் ரப்பர் கிடையாது. தப்பான எழுத்தின்மேல் ஒரே கோடு, பக்கத்திலேயே சரியான எழுத்து, அவ்வளவுதான். பக்கம் கிழிப்பது இல்லை. வேலைக்கு நேரம் குறித்துவிடுங்கள். நேரம் முடிந்ததும் இருக்கிற நிலையில் நோட்டை மூடிவிட வேண்டும். வகுப்பு ஆசிரியரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

5. உங்கள் தப்பைப் பிள்ளை பார்க்கட்டும்

குழம்பில் உப்பு கூடினால், "அடடா, கூடிப்போச்சு. ஒரு உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டு, கொஞ்சம் தண்ணி விட்டுப் பார்ப்போம்" என்று சத்தமாகவே சொல்லுங்கள். பிள்ளையிடம் கத்திவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். தப்புக்குப் பின் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தே பிள்ளைகள் கற்கிறார்கள்.

6. தோற்றுப் பழகட்டும்

பரமபதம், பல்லாங்குழி, சீட்டு எதுவானாலும் வாரம் சிலமுறை சேர்ந்து விளையாடுங்கள். எப்போதும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். நீங்கள் தோற்கும்போது சிரித்து, "இன்னொரு ஆட்டம்?" என்று கேளுங்கள்.

7. எப்போது உதவி தேட வேண்டும்?

காலையில் அடிக்கடி வயிற்றுவலி, தூக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பு இருந்தால் தாமதிக்காதீர்கள். தன்னைத்தானே அடித்துக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

எதை எதிர்பார்க்கலாம்?

மாற்றம் மெதுவாகத்தான் வரும். ஒருநாள் பிள்ளையே தப்பான விடையைக் கொண்டுவந்து காட்டும். அன்று, "மறைக்காம காட்டினியே, சந்தோஷம்" என்று முதலில் சொல்லுங்கள். கணக்கை அப்புறம் பார்க்கலாம்.