கடல் கடந்து வந்த கடித உறைகள்



அஞ்சல் தலை சேர்த்தல் நம்மில் பலருக்குப் பழக்கமான பொழுதுபோக்கு ஆகும். கடித உறையின் மூலையில் உள்ள வண்ணத் தலையை நீரில் நனைத்து எடுத்து, ஏட்டில் ஒட்டி, நண்பர்களுடன் மாற்றிக்கொண்டு மகிழ்கிறோம். எஞ்சிய உறையைக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். அவ்வாறு எறிவது எத்துணைப் பெரிய இழப்பு என்பதை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை நான் பிறரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. என் தவற்றிலிருந்தே கற்றுக்கொண்டேன். நான் ஆறாம் வகுப்பில் பயின்றபோது, எங்கள் தோட்ட வீட்டில் பாட்டனாரின் டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. அஞ்சல் தலை ஆசையால் ஒவ்வோர் உறையின் மூலையையும் கத்தரித்து எடுத்தேன். மிஞ்சிய உறைகளை அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டேன். அந்தத் தீயில் எரிந்தது என்ன என்பதை இறுதியில் கூறுகிறேன்.

உறை என்பது யாது?

உலகின் முதல் ஒட்டும் அஞ்சல் தலை 1840ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்க் கடிதம் எழுதிய தாளையே மடித்து, அரக்கு முத்திரையிட்டு, வெளிப்புறத்தில் முகவரி எழுதி அனுப்பினர். அத்தகைய மடிப்புக் கடிதத்தையும், பின்னர் வழக்கத்திற்கு வந்த கடித உறையையும், அஞ்சலில் சென்ற நிலையிலேயே முழுமையாகப் பாதுகாப்பதுதான் உறை சேகரிப்பு. தலை ஒட்டப்பட்டிருக்கலாம்; ஒட்டப்படாமலும் இருக்கலாம். ஆனால் முகவரி, முத்திரை, கட்டணக் குறிப்பு ஆகிய யாவும் அதனதன் இடத்திலேயே இருத்தல் வேண்டும்.

தனித்த அஞ்சல் தலை, அது எந்த நாட்டினது, என்ன விலையுடையது என்பதைச் சொல்லும். உறையோ, கடிதம் எங்கிருந்து புறப்பட்டது, எவ்வழியே சென்றது, எத்தனை நாளில் சேர்ந்தது என்பவற்றையெல்லாம் சொல்லும். தலையைப் பிரித்துவிட்டால் இரண்டுமே பாதி ஊமையாகிவிடும்.

நாற்பத்தொரு நாள் பயணம்

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ ஒரு கடிதம் வந்து சேர நான்கு திங்களும் அதற்கு மேலும் ஆகும். பருவக்காற்றை நம்பிச் செல்லும் கப்பலுக்கு நாள் குறிக்க இயலாது. நீராவிக் கப்பல் வந்த பின்னரே அஞ்சலுக்குக் கால அட்டவணை என்பது உண்டாயிற்று.

1830ஆம் ஆண்டில் ‘ஹியூ லிண்ட்சே’ என்னும் நீராவிக் கப்பல் பம்பாயிலிருந்து சூயசு வரை சென்று, செங்கடல் வழி இயலும் என்று காட்டியது. அக்காலத்தில் தாமசு வாகார்ன் என்னும் ஆங்கிலேயர், எகிப்து நாட்டின் தரைவழியே கடிதங்களைக் கடத்தி அனுப்பும் பணியை முனைந்து நடத்தினார். அவர் பொறுப்பில் சென்ற கடிதங்களில் அவருடைய பெயர் பொறித்த முத்திரை காணப்படும். அவை இன்று சேகரிப்பாளர் பெரிதும் தேடும் அரிய பொருள்கள். உலகிற்கு விரைவான வழியைக் காட்டிய அவரோ 1850ஆம் ஆண்டில் பொருள் முடையுற்ற நிலையிலேயே காலமானார்.

தரைவழி என்பது எளிய வழியன்று. அலெக்சாந்திரியாவில் இறக்கப்பட்ட அஞ்சல், கால்வாய்ப் படகிலும் நைல் ஆற்றுப் படகிலும் கெய்ரோ நகரை அடையும். அங்கிருந்து சூயசு வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பாலைவனம். அஞ்சல் பெட்டிகளை ஒட்டகங்கள் சுமந்து சென்றன. சூயசில் மற்றொரு நீராவிக் கப்பல் காத்திருக்கும். அது நிலக்கரி நிரப்பிக்கொள்ள ஏடனில் தங்கி, பின்னர் இலங்கையின் காலித் துறைமுகத்தை அடையும்.

1845ஆம் ஆண்டில் பி அண்ட் ஓ நிறுவனம் காலியிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் வரை அஞ்சல் கப்பல் விடத் தொடங்கியது. அவ்வழியில் வந்த முதற்கப்பல் ‘லேடி மேரி வுட்’ ஆகும். இருபுறமும் சக்கரங்கள் சுழன்று நீரைத் தள்ளும் கப்பல் அது. அவ்வாண்டு ஆகசுட்டு 4ஆம் நாள் அது சிங்கப்பூரை அடைந்தது. அது கொண்டுவந்த இலண்டன் அஞ்சல் புறப்பட்ட நாளோ சூன் 24. நாள்களை எண்ணிப் பாருங்கள், நாற்பத்தொன்று வரும். நான்கு திங்கள் எங்கே? நாற்பத்தொரு நாள் எங்கே?

உறையைப் படிக்கும் முறை

ஒரு பழைய உறை கைக்குக் கிடைத்தால் அதனைப் பின்வரும் முறையில் படித்தல் வேண்டும்.

முதலாவதாக, முகப்பில் கையால் எழுதிய வழிக்குறிப்பைக் காண்க. ‘மார்செய் வழியாக’ என்று எழுதியிருந்தால், கடிதம் பிரான்சு நாட்டைத் தரைவழியே கடந்தது என்பது பொருள். அது விரைவான வழி, கட்டணமும் மிகுதி. ‘சவுத்தாம்டன் வழியாக’ என்றிருந்தால், ஸ்பெயின் நாட்டைச் சுற்றிக் கடல்வழியே சென்றது, சில நாள் தாமதமாகும், கட்டணம் குறைவு. எழுதியவருக்கு அவசரம் இருந்ததா, சிக்கனம் இருந்ததா என்பதை இக்குறிப்பே காட்டிவிடுகிறது.

இரண்டாவதாக, மையின் நிறத்தைக் காண்க. பிரிட்டிஷ் அஞ்சல் வழக்கப்படி, கட்டணம் முன்னரே செலுத்தப்பட்டிருந்தால் சிவப்பு மையாலும், பெறுபவர் செலுத்த வேண்டியிருந்தால் கறுப்பு மையாலும் குறிப்பர்.

மூன்றாவதாக, உறையைத் திருப்பிப் பின்புறத்தைக் காண்க. கடிதம் கடந்து சென்ற ஊர்களின் தேதி முத்திரைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அவற்றை வரிசைப்படுத்தினால் முழுப் பயணமும் கண்முன் விரியும்.

நான்காவதாக, தலையின் மீது விழுந்த முத்திரையைக் காண்க. இதற்கு நம் நாட்டுச் சான்று ஒன்று உண்டு. 1854 முதல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று குடியேற்றங்களிலும் இந்திய அஞ்சல் தலைகளே வழங்கின. அவை அப்போது கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டமையே காரணம். எனவே தலையை மட்டும் பார்ப்பவர் ‘இது இந்தியாவினது’ என்று ஒதுக்கிவிடுவார். முத்திரையில் ‘பி 172’ என்றிருந்தால் அது சிங்கப்பூரில் குத்தப்பட்டது. ‘பி 147’ பினாங்குக்கு உரியது. ‘பி 109’ மலாக்காவுக்கு உரியது. 1867இல் இவை தனிக் குடியேற்ற நாடாயின. முதலில் இந்தியத் தலைகளின் மீது முடியுருவும் ‘சென்ட்’ விலையும் அச்சிட்டு வழங்கினர். அதே ஆண்டின் இறுதியில் சொந்தத் தலைகள் வெளிவந்தன. ஆட்சி மாறிய வரலாறு முழுவதும் ஒரு சிறு தாளில் அடங்கியிருப்பதைக் காணுங்கள்!

கடலுக்குத் தப்பிய கடிதங்கள்

1869ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், சூயசிலிருந்து பம்பாய் நோக்கிப் புறப்பட்ட ‘கர்னாட்டிக்’ என்னும் அஞ்சல் கப்பல், செங்கடலில் அபு நுகாசு என்னும் பவளப் பாறையில் மோதிச் சிக்கிக்கொண்டது. வேறொரு கப்பல் வந்து காப்பாற்றும் என்று பயணிகள் கப்பலிலேயே காத்திருந்தனர். மறுநாளும் கடந்து, 14ஆம் நாள் கப்பல் இரண்டாகப் பிளந்தது. முப்பத்தொருவர் உயிரிழந்தனர். கப்பலில் இருந்த பொற்காசுகளைப் பின்னர் மூழ்காளிகள் எடுத்தனர். அஞ்சலிலும் ஒரு பகுதி மீட்கப்பட்டது. ‘கர்னாட்டிக் சிதைவிலிருந்து மீட்கப்பட்டது’ என்னும் முத்திரையுடன் அக்கடிதங்கள் உரியவரிடம் சேர்க்கப்பட்டன.

இவ்வாறு கப்பற் சிதைவிலிருந்து மீண்ட உறைகள் பலவற்றில் பசை கரைந்து தலை உதிர்ந்து போயிருக்கும், முகவரி கலங்கியிருக்கும், தாள் கறை படிந்திருக்கும். ஆயினும் அழகிய புதிய உறைகளைவிட அவற்றையே அறிஞர்கள் போற்றுகின்றனர். ஏன்? தலை போனாலும் சான்று போகவில்லை. பல உயிர்கள் மாண்ட நிலையிலும், முன்பின் அறியாத ஒருவரின் கடிதத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்று கருதிய கடமை உணர்ச்சியின் அடையாளம் அந்த முத்திரை.

அவ்வாண்டு நவம்பர் 17ஆம் நாள் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. ஒட்டகங்களின் வேலையை அதற்கு முன்னரே, 1858இல் சூயசை எட்டிய இருப்புப் பாதை ஏற்றுக்கொண்டிருந்தது.

நம்மவர் வந்த வழி

நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியபின், நம் முன்னோர் பல்லாயிரவர் அவ்வழியே வந்து தோட்டங்களில் பால்மரம் வெட்டினர். சாலையும் இருப்புப் பாதையும் அமைத்தனர். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரைக் கேட்டிராத முதியவர் நம்மிடையே அரியர். ஆள் வந்த வழியிலேயே கடிதங்களும் வந்தன. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் தமிழகத்துடன் அஞ்சல் தொடர்பு அறுந்தது. ஊரில் பெற்றோர் இருக்கின்றனரா இல்லையா என்பதை அறியாமலே பலர் அந்த ஆண்டுகளைக் கழித்தனர். ஒரு குடும்பத்தின் உறைகளைத் தேதி வரிசையில் அடுக்கினால், அந்த இடைவெளியே பேசும்.

காக்கும் முறை

உறையை நீரில் நனைக்கலாகாது. தலையைப் பிரிக்கலாகாது. ஒட்டும் நாடாவோ பசையோ இடலாகாது; அவை சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கிவிடும். உறையின் மேல் எதனையும் எழுதாமல், குறிப்பைத் தனித்தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சணமும் பூச்சியும் விரைவில் பற்றும். ஆகையால் உலர்ந்த இடத்தில், நேர்வெயில் படாமல் நிறுத்தி வைத்து, அவ்வப்போது எடுத்துப் பார்த்தல் நலம். நூறாண்டுப் பழமையான உறையை விலை கொடுத்து வாங்க எல்லாராலும் இயலாது. அதற்காக வருந்த வேண்டா. நம் வீட்டுப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம்.

எரிந்தது எது?

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஆண்டுகள் பல கழிந்தபின், பாட்டனாரின் தங்கையின் குடும்பத்தைத் தேடிச் செல்ல என் தந்தையார் விரும்பினார். கடிதங்கள் இருந்தன. அவற்றில் ‘இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்று இருந்தது. ஊரின் பெயரும் இருந்தது. ஆனால் அப்பெயரில் தஞ்சைப் பகுதியிலேயே பல ஊர்கள் உண்டு. எந்த அஞ்சல் நிலையத்தைச் சேர்ந்த ஊர் என்பதை முத்திரைதான் கூறியிருக்கும். அம்முத்திரையில் பாதியை நான் கத்தரித்து எடுத்து நண்பர்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். மறுபாதி அடுப்பில் எரிந்துவிட்டது. தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிதங்களை மடித்துப் பெட்டியில் மீண்டும் வைத்தார். அக்கடிதங்கள் இன்றும் என்னிடம் உள்ளன. மறுமொழி எழுதத்தான் முகவரி இல்லை.

பெற்றோர்களே, தோட்டத்துப் பெரியோர்களே! உங்கள் பெட்டிகளில் பழைய உறைகள் இருந்தால் பிள்ளைகளை அருகழைத்துக் காட்டுங்கள். அனுப்பியவர் யார், என்ன உறவு என்பதைச் சொல்லுங்கள். மாணவர்களே! கத்தரிக்கோலை எடுக்குமுன் உறையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

பயிற்சி

1. வீட்டில் உள்ள ஒரு பழைய உறையை எடுத்து, அதிலுள்ள ஊர்ப்பெயர்களையும் தேதிகளையும் தனித்தாளில் வரிசையாக எழுதுக.
2. அக்கடிதம் எத்தனை நாளில் வந்து சேர்ந்தது எனக் கணக்கிடுக.
3. தலை உதிர்ந்த உறையும் மதிப்புடையதாவது ஏன்? ஐந்து வரிகளில் விடை தருக.
4. உங்கள் குடும்பத்து முதியவர் ஒருவரிடம் கேட்டு, அவரது சொந்த ஊரின் பெயரையும் அதன் அஞ்சல் நிலையத்தின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்க.